யாராவது இருப்பார்கள்

என் பாஸ்போர்ட்டுக்குள் ஒரு துண்டுக் காகிதம் இருக்கிறது. பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்தது. நான்காக மடித்த இடத்தில் நைந்திருக்கிறது. ஒரு மூலையில் நெய்க்கறை. எனக்கு எழுதப்பட்டதல்ல அது. என்னிடம் இருக்க வேண்டியதும் அல்ல. சென்ற பிப்ரவரி மாதம், வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில், அடுத்த விமானத்தைப் பிடிக்க ஓடிய அவசரத்தில் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டேன். அதற்கு உரியவர், மராத்தி தவிர வேறு மொழி தெரியாத ஓர் அம்மா, எனக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

நடந்தது இவ்வளவுதான். புணேயிலிருந்து மும்பை விமான நிலையம் போகும் ஷேர் டாக்ஸியில் அவரும் நானும் ஏறினோம். மும்பையிலிருந்து வளைகுடா வரை இருவருக்கும் ஒரே விமானம். அங்கிருந்து அவர் சிகாகோவுக்கு, மகளின் பிரசவத்துக்கு. நான் பாஸ்டனுக்கு, மகனைப் பார்க்க. மும்பையில் விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. இறங்கியபோது என் அடுத்த விமானத்துக்கு 50 நிமிடமே இருந்தது. அவருக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல். அவர் டிக்கெட்டில் சக்கர நாற்காலி கேட்டுப் பதிந்திருந்தார்கள். விமானத்தின் வாசலில் நாற்காலி இல்லை. வரும் என்றார்கள். கால் மணி நேரம் நின்றோம். என் விமானத்துக்குக் கடைசி அழைப்பு வந்துவிட்டது. பட்டியலோடு நின்றிருந்த சீருடை இளைஞரிடம், அம்மாவின் கையிலிருந்த காகிதத்தை வாங்கிக் காட்டினேன். மலையாளி. என் தமிழ் அவருக்குப் புரிந்தது. "சேட்டன் பொய்க்கோ, ஞான் நோக்கிக்கோளாம்" என்றார். அம்மாவை அங்கே உட்கார வைத்து, இந்தத் தம்பி பார்த்துக்கொள்வார் என்று மராத்தியில் சொன்னேன். "ஜா, மாவுலீ, ஜா" என்று, போகச் சொல்லிக் கையை அசைத்தார். ஓடினேன்.

ஓடிப்போய் ஏறிய விமானம், கதவை மூடிக்கொண்டு, 40 நிமிடம் நின்ற இடத்திலேயே நின்றது. அந்த நிமிடங்களில்தான் கை சட்டைப்பைக்குப் போயிற்று. அந்த 40 நிமிடத்தையும் அவர் பக்கத்தில் நின்றே கழித்திருக்கலாம் என்ற எண்ணம் இன்றுவரை என்னை விடவில்லை. அதைவிடவும் விடாதது, காகிதத்தின் கடைசி வரி.

மேலே ஆங்கிலத்தில் பெரிய பெரிய எழுத்தில் நான்கு வரிகள். இவருக்கு மராத்தி மட்டும் தெரியும். சிகாகோ போகிறார். சக்கர நாற்காலிக்கு உதவி செய்யுங்கள். மகள் வெளியே காத்திருப்பாள். அதன் கீழே மகளுடைய அமெரிக்கத் தொலைபேசி எண். மகள் அங்கிருந்து போனில் சொல்லச் சொல்ல, வீட்டிலிருந்த ஏதோ ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியிருக்க வேண்டும். கையெழுத்து அப்படித்தான் இருந்தது. இதுவரை உள்ளதை நான் முன்பே பார்த்திருந்தேன். பார்க்காமல் விட்டது அடியில் இருந்த ஒரு வரி. தேவநாகரியில், உதவப் போகிறவருக்காக அல்லாமல் தாய்க்காகவே எழுதியது. "ஆயீ, காப்ரூ நகோஸ். கோணீதரீ அஸேலச்." அம்மா, பயப்படாதே. யாராவது இருப்பார்கள்.

புணேக்கு வந்து 26 வருடங்கள் ஆகின்றன. மராத்தியைக் காய்கறிச் சந்தையிலும் பஸ்ஸிலும் கற்றவன் நான். 'அஸேல்' என்றாலே பொருள் வந்துவிடும்: இருப்பார், இருக்கக்கூடும். கடைசியில் ஒட்டியிருக்கிறதே, அந்த ஒற்றை 'ச்', அதுதான் வேலையைச் செய்கிறது. அது வந்தால் சந்தேகம் போய்விடும். இருக்கவே இருப்பார்கள் என்று ஆகிவிடும். எட்டாம் வகுப்பில் எங்கள் தமிழ் ஐயா நன்னூல் நடத்தும்போது ஏகாரத்தின் பொருள்களை வரிசையாக ஒப்பிக்கச் சொல்வார். அதில் ஒன்று தேற்றம். உறுதி என்று அர்த்தம் சொல்லிக் கடந்துவிடுவார். தேற்றுவதும் ஆறுதல் சொல்வதும் ஒன்றுதானே என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. விமானம் நகராமல் நின்றபோது தோன்றியது. எந்த ஆதாரமும் இல்லாத இடத்தில் ஒருவரைத் தேற்றுவதற்காகச் சேர்க்கிற எழுத்து அது. மகளுக்கு யாரைத் தெரியும்? அந்த விமான நிலையத்தில் அந்த நேரத்தில் எவர் நிற்பார் என்று அவளுக்கு என்ன தெரியும்? ஆனாலும் அந்தச் 'ச்'சைச் சேர்த்துச் சொல்லியிருக்கிறாள். எழுதிய பிள்ளையும் விடாமல் எழுதியிருக்கிறது.

புணேக்காரர்களுக்கு வெளிநாட்டுப் பயணம் விமானத்தில் தொடங்குவதில்லை, சாலையில் தொடங்குகிறது. எங்கள் லோஹ்காவ் விமான நிலையம் 1939இல் பிரிட்டிஷ் விமானப்படைக்காக அமைத்த தளம். இன்றும் ஓடுபாதை இந்திய விமானப்படையுடையது. அதன் ஓரத்தில் பயணிகளுக்கு ஓர் இடம். 2024 ஜூலையில் புதிய முனையம் திறந்தார்கள். துபாய், பாங்காக் என்று சில ஊர்களுக்கு நேரே போகலாம். ஆனால் அமெரிக்கா வரை எரிபொருள் நிரப்பிக்கொண்டு எழும்பும் பெரிய விமானங்களுக்கு அந்த ஓடுபாதையின் நீளம் போதாது. ஆகவே மும்பை. 2002இல் முழுமையாகத் திறந்த 94.5 கிலோமீட்டர் எக்ஸ்பிரஸ்வேயில் கண்டாலா மலைப்பாதை இறங்கி, பன்வேல் கடந்து, வாஷி பாலம் ஏறி, நகர நெரிசலில் ஊர்ந்து போய்ச் சேர வேண்டும். அந்த மலைப்பாதையில் ஒரு லாரி கவிழ்ந்தால் எல்லாம் நின்றுவிடும் என்ற பயத்தில் விடியற்கால விமானத்துக்கு முந்தின நாள் மாலையே கிளம்புவோம்.

அந்த அம்மா ஸ்வார்கேட்டில் ஏறினார். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. ஏற்றிவிட வந்த இளைஞன் உள்ளே தலையை நீட்டி, முகம் முகமாகப் பார்த்து, என்னிடம் வந்து நின்று, "மாவ்ஷீகடே ஜரா லக்ஷ டேவா" என்றான். சித்தியைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். ஏன் என்னைத் தேர்ந்தெடுத்தான்? நரைத்த தலையா, மடியில் பாஸ்போர்ட் இருந்ததா, தெரியாது. நான் தலையாட்டினேன். கதவைச் சாத்திவிட்டான். அவன் பெயரையோ எண்ணையோ கேட்டுக்கொள்ளவில்லை. தலையை ஆட்டினால் போதும் என்று இருந்துவிட்டேன்.

லோணாவளா தாண்டியதும் அவர் எவர்சில்வர் டப்பாவைத் திறந்தார். டிங்க் லாடு. கருவேலம் பிசினை நெய்யில் பொரித்து, கொப்பரையும் உலர்ந்த பேரீச்சையும் சேர்த்துப் பிடிப்பது. பிள்ளை பெற்றவளுக்கு மராட்டிய வீடுகளில் கொடுப்பது. மகளுக்காகச் செய்தது. ஆனாலும் ஆளுக்கு ஒன்று, டிரைவருக்கும் ஒன்று. காகிதத்தின் நெய்க்கறை அந்த டப்பாவினுடையது. சாஸ்வட் பக்கத்தில் ஒரு கிராமம், அத்தியும் சீதாப்பழமும் போட்டிருக்கிறோம் என்றார். புரந்தர் தாலுகாவில் ஏழு கிராமங்களின் நிலத்தில் புணேக்கான புதிய விமான நிலையம் கட்டப்போகிறார்கள். நிலம் தரமாட்டோம் என்று விவசாயிகள் பல வருடங்களாக நின்றார்கள். அவருடைய ஊர் அந்த ஏழில் ஒன்று. "எங்கள் தோட்டத்தில் விமானம் இறங்கினால் நான் மும்பை வரை போக வேண்டியதில்லை, ஆனால் திரும்பி வர வீடு எங்கே இருக்கும்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அதற்குப் பதில் எதிர்பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எந்தப் பக்கம் நியாயம் என்று எனக்கும் அப்போது சொல்லத் தெரியவில்லை. மகனைப் பார்க்க விமானம் வேண்டும் என்கிற நானும் அந்த வழக்கில் ஒரு கட்சிக்காரன்தான்.

சாஸ்வட் என்றதும் வாரி என்கிற பாதயாத்திரையைப் பற்றிப் பேச்சு வந்தது. ஆளந்தியிலிருந்து மகான் ஞானேஷ்வரின் பாதுகைப் பல்லக்கு ஆஷாட ஏகாதசிக்காகப் பண்டரிபுரம் போகும் வழியில், புணேயில் தங்கி, திவே காட் மலை ஏறி, சாஸ்வடில் இறங்கும். பதினோரு தடவை நடந்திருக்கிறேன் என்றார். 200 கிலோமீட்டருக்கும் மேல். மூன்று வாரம் போல. மழையில், செருப்பில்லாமல் கூட. வாரி போகிறவர்கள் ஒருவரை ஒருவர் 'மாவுலீ' என்றுதான் அழைப்பார்கள். தாய் என்று அர்த்தம். ஞானேஷ்வருக்கும் அதே பெயர். ஆண், பெண், பெரியவர், சிறியவர் பேதம் கிடையாது. அதனால்தான் நானும் அவருக்கு மாவுலீ ஆனேன்.

அவ்வளவு தூரம் நடந்த கால்களுக்குச் சக்கர நாற்காலி எதற்கு? விமானத் துறையில் இதற்கெல்லாம் குறியீடு உண்டு. டபிள்யூ.சி.எச்.ஆர். என்றால் படி ஏறுவார், நீண்ட தூரம் நடக்க மாட்டார். கடைசி எழுத்து எஸ் என்றால் படியும் ஏற மாட்டார். சி என்றால் இருக்கை வரை கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் தாய் தகப்பனுக்கு நாற்காலி கேட்பது பெரும்பாலும் காலுக்காக அல்ல. நாற்காலியோடு அதைத் தள்ளுகிற ஓர் ஆள் வருவார், அந்த ஆள் எந்த வாசல், எந்த வரிசை, எந்தப் படிவம் என்று கொண்டுபோய்ச் சேர்ப்பார், அதற்காக. வாய் செய்ய வேண்டிய வேலைக்குக் காலை முடமாக்கிக் காட்டுகிறோம். இது தவறு, உண்மையிலேயே நடக்க முடியாதவருக்கு நாற்காலி கிடைக்காமல் போகிறது என்பார்கள். அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. ஆனால் மொழி தெரியாத ஒருவரை வாரியில் விட்டால் போய்ச் சேர்ந்துவிடுவார், விமான நிலையத்தில் விட்டால் சேரமாட்டார் என்பதும் நிஜம். வாரியில் எல்லாரும் ஒரே திசையில் நடக்கிறார்கள். வழியில் சோறும் தண்ணீரும் வைத்துக்கொண்டு ஊர்க்காரர்கள் காத்திருக்கிறார்கள். அங்கே 'கோணீதரீ அஸேலச்' என்று யாரும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

நானும் ஒரு தடவை யாரையோ நம்பி அனுப்பப்பட்டவன்தான். 1979இல் எனக்கு ஒன்பது வயது. கோடை விடுமுறை முடிந்து மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்கு என்னைத் தனியாக அனுப்பிவைத்தாள் பாட்டி. பஸ் கண்டக்டரிடம், "தம்பி, புள்ளைய தஞ்சாவூர்ல எறக்கி விட்டுடுப்பா, எங்க மாப்பிள்ளை வந்து நிப்பாரு" என்றாள். கண்டக்டர் தலையாட்டினார். நான் டாக்ஸியில் ஆட்டியதைப் போலத்தான் இருந்திருக்கும். அவ்வளவுதான் ஒப்பந்தம். அப்பா ஆர்.எம்.எஸ். சார்ட்டர்; இரவெல்லாம் ரயிலில், தபால் பெட்டியில் நின்றுகொண்டே கடிதம் பிரிக்கிற உத்தியோகம். அன்று அவருடைய ரயில் வர நேரமாகிவிட்டது. பஸ் நிலையத்தில் மாப்பிள்ளையைக் காணோம். கண்டக்டர் சற்று நேரம் நின்று பார்த்தார். அவர் வண்டி திரும்பக் கிளம்ப வேண்டும். என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்து, கடைக்காரரிடம் ஏதோ சொல்லிவிட்டு ஓடினார். ஓடுகிற பஸ்ஸின் படியிலிருந்து ஒரு தடவை திரும்பிப் பார்த்தது நினைவிருக்கிறது. ஒரு மணி நேரம் கழித்து அப்பா வந்தார். மறுநாள் பாட்டிக்கு 'நல்லபடி வந்து சேர்ந்தேன்' என்று கார்டு எழுதினேன். அந்தக் காலத்தில் அப்படி ஒரு கார்டு போடாமல் எந்தப் பயணமும் முடிந்ததாகக் கணக்கில்லை. 15 பைசா கார்டு.

46 வருடமாக இந்தக் கதையை நான் வந்து சேர்ந்த கதையாகத்தான் நினைவில் வைத்திருந்தேன். இப்போதுதான் கண்டக்டர் பக்கம் நின்று பார்க்கிறேன். அவருக்கு யாரும் கார்டு போடவில்லை. நான் சேர்ந்தேனா இல்லையா என்று அவருக்குத் தெரியவே தெரியாது. அன்று இரவு மன்னார்குடி டிப்போவில் படுத்தபோது அவருக்குத் தூக்கம் வந்திருக்குமா? அல்லது டீக்கடைக்காரர் இருக்கிறார், யாராவது வருவார்கள் என்று நிம்மதியாகத் தூங்கியிருப்பாரா? நிம்மதியாகத் தூங்கியிருந்தால் அது அலட்சியம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த நிம்மதி மனிதர்கள் மேல் வைத்த நம்பிக்கையாகவும் இருக்கலாம். எனக்கு ஏன் அது வாய்க்கவில்லை?

அப்பா வேலை பார்த்த தபால் துறையில் 'மிஸ்சென்ட்' என்று ஒரு முத்திரை உண்டு. ஓர் ஊருக்குப் போக வேண்டிய கடிதம் தவறான பையில் விழுந்து வேறு ஊருக்குப் போய்விட்டால், அங்கே அந்த முத்திரையைக் குத்தி மறுபடி சரியான வழியில் அனுப்புவார்கள். கடிதம் கடைசியில் சேர்ந்துவிடும், ஒரு தழும்போடு. அப்பாவிடம் வானஞ்சலைப் பற்றியும் ஒரு கதை இருந்தது. உலகத்திலேயே முதல் அதிகாரபூர்வ விமானத் தபால் நம் நாட்டில்தான் பறந்தது என்பார். கராச்சியிலிருந்து பம்பாய்க்கு என்று என் மனதில் பதிந்திருந்தது. சமீபத்தில் தேடிப் படித்தபோது, இரண்டு கதைகளை ஒன்றாகக் குழப்பி வைத்திருக்கிறேன் என்று தெரிந்தது. கராச்சியிலிருந்து பம்பாய் ஜுஹு வரை தபாலோடு ஜே.ஆர்.டி. டாடா பறந்தது 1932 அக்டோபர் 15. அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதைக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். அப்பா சொன்ன முதல் தபால் அதற்கும் முந்தையது. 1911 பிப்ரவரி 18 அன்று, அலகாபாத் கண்காட்சித் திடலிலிருந்து யமுனையைத் தாண்டி நைனிக்கு, ஹென்றி பெக்கே என்ற பிரெஞ்சு விமானி சுமார் 6,500 கடிதங்களைச் சுமந்துகொண்டு போனார். சில நிமிடப் பறப்பு. டாடா தொடங்கிய அந்தச் சேவையும் முதலில் தபாலுக்காகத்தான். பயணிகள் பிறகு வந்தார்கள். நம் வானத்தில் மனிதர்களுக்கு முன்னால் காகிதங்கள் வழி கண்டுபிடித்துவிட்டன.

இதைப் படித்தபோது எனக்கு அந்த அம்மாதான் ஞாபகத்துக்கு வந்தார். அவரையும் ஒரு கடிதத்தைப் போலத்தான் அனுப்பியிருந்தார்கள்: மேலே முகவரி எழுதி, கை மாற்றிக் கை மாற்றிச் சேர்க்கும் நம்பிக்கையில். நான் முகவரியைக் கிழித்து எடுத்துக்கொண்டு போனவன். இப்படிச் சொன்னால் என் மனைவிக்குக் கோபம் வருகிறது. "அவங்க கையில டிக்கெட் இருந்தது, பாஸ்போர்ட் இருந்தது, அந்தப் பையன் பார்த்துக்கறேன்னு சொன்னான். நீங்க பொதுவா எவனும் செய்யாததைச் செஞ்சிருக்கீங்க" என்கிறாள். டிக்கெட்டிலும் பாஸ்போர்ட்டிலும் அவருக்கு மராத்தி மட்டும்தான் தெரியும் என்று எழுதியிருக்காது. அந்த 'ச்'சும் அவற்றில் இல்லை. நடுவில் பயம் வந்தால் எடுத்துப் படித்துக்கொள்ளட்டும் என்றுதானே மகள் அந்த வரியைத் தாய்மொழியில் சேர்த்தாள்? 14 மணி நேரத்துக்கு மேலான பறப்பில் ஒரு தடவையாவது அவர் மடியைத் தடவிப் பார்த்திருப்பார். காகிதம் இருந்திருக்காது.

போன் செய்து கேட்டுவிட வேண்டியதுதானே என்று படிக்கிறவர்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. பாஸ்டனில் இறங்கி மகன் வீட்டுக்குப் போனதும் செய்த முதல் காரியம் காகிதத்தை வெளியே வைத்ததுதான். எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சேர்ந்திருந்தால் நல்லது. சேராமல் இருந்தால், அந்த மகள் கலங்கிக்கொண்டிருக்கும்போது, காகிதம் என் பையில் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? பயந்தேன். இரண்டாம் நாள் வாட்ஸ்அப்பில் எழுதினேன், எனக்குத் தெரிந்த மராத்தியில். மாவ்ஷியுடன் மும்பையிலிருந்து வந்தவன், நலமாக வந்து சேர்ந்தார்களா? இரண்டு டிக் விழுந்தது. பதில் இல்லை. பிள்ளை பெறப்போகிறவள், தெரியாத எண், இந்தக் காலத்தில் ஏமாற்றுக்காரர்களும் இப்படித்தான் தாயின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். பதில் வராததற்கு நூறு காரணம் இருக்கலாம். தாய் வந்து சேர்ந்து, பேரப்பிள்ளை பிறந்து, வீட்டில் யாருக்கும் போனைப் பார்க்க நேரமில்லை என்பதே அதிகம் பொருந்துகிற காரணம். அது எனக்கும் தெரிகிறது.

அதன்பின் கூப்பிடவில்லை. கூப்பிடுவது யாருக்காக என்ற கேள்வி வந்துவிட்டது. அவர்களுக்கு என்னிடமிருந்து இனி எதுவும் தேவையில்லை. காகிதம் இனிப் பயன்படாது. எனக்குத்தான் அவர்களிடமிருந்து ஒரு வார்த்தை வேண்டியிருக்கிறது: வந்து சேர்ந்தாள், நீ போகலாம் என்று. ஒன்பது வயதில் நான் எழுதிய கார்டு எனக்கு வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன். கைக்குழந்தையோடு இருக்கிற ஒரு பெண்ணிடம் போய் என் மனதை ஆற்று என்று கேட்பது சரியா? கேட்காமல் இருப்பதற்கு நான் கண்டுபிடித்த அழகான சாக்குதானா இது? இரண்டுமே சரியாகத் தெரிகிற நாட்கள் உண்டு.

ஜூன் மாதம் பல்லக்கு புணேக்கு வந்தபோது சாலையோரம் நின்று பார்த்தேன். வெள்ளை வேட்டிகளும் தலையில் துளசி மாடம் சுமந்த பெண்களும் மணிக்கணக்கில் போய்க்கொண்டே இருந்தார்கள். ஒன்பது கஜப் புடவையில் அந்த வயதில், அந்த உயரத்தில் நூறு பேரைப் பார்த்தேன். ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். அவர் அமெரிக்காவில் இருக்க வேண்டிய மாதம் அது. ஆறு மாதம் தங்கலாம் என்றுதான் வழக்கமாக அனுமதி கொடுப்பார்கள். இங்கே அவரைப் பார்த்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும். ஆனாலும் தேடினேன். தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்த பையன் என்னையும் நடக்கிறவன் என்று நினைத்து, "க்யா, மாவுலீ" என்று ஒரு பாட்டிலை நீட்டினான். வாங்கிக்கொண்டேன்.

இதை எழுதி நிறுத்தும்போது புணேயில் இரவு ஒன்பதரை. சிகாகோவில் காலை பதினொன்று. குழந்தை குளித்துவிட்டுத் தூங்கும் நேரமாக இருக்கலாம். எண் முன்னால் இருக்கிறது; நெய்க்கறை எண்ணைத் தொடவில்லை, எல்லா இலக்கமும் தெளிவாகத் தெரிகிறது. கூப்பிடலாமா என்று இன்னும் தெரியவில்லை.